அட்டைக்கு ஒரு படம்

“தலைவலின்னா ஒரு மாத்திரை போட்டுக்கோயேம்மா” என்று குருபிரசாத் நீட்டினார்.

“வேணாம் சார். எங்க வீட்ல யாரும் மாத்திரை போடறதில்ல.”

“நாடு பூரா நடக்கிற மருந்து ஆராய்ச்சிய எண்ற ஆபீஸ்ல வேலை. மாத்திரை மட்டும் ஆகாதா? யுனானி பார்ட்டியா நீ?”

ரூபீனா மாத்திரையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். பக்கத்து மந்தைவெளி நிலையத்திலிருந்து ரயில் கிளம்பியதில் ஆபீஸ் மேசை லேசாக அதிர்ந்து நின்றது.

இந்தியாவில் வெளிவந்த மருந்தியல் கட்டுரைகள் எத்தனை, அவற்றை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுப்பது அவர்கள் வேலை. கணக்கு முடிந்துவிட்டது. சாயங்காலம் அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும்.

முதலிடம் பிடித்தது இரண்டே பக்கக் கட்டுரை. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் இடுப்புவலிக்கு மாத்திரை விழுங்கினார். உடம்பு முழுக்கத் தோல் உரிந்து செத்துப்போனார். அந்த மாத்திரையைப் பற்றி எந்த நாட்டுக்காரர் எழுதினாலும் இதைச் சொல்லாமல் எழுத முடிவதில்லை.

ரூபீனா செய்து வைத்திருந்த அறிக்கை அட்டையைக் குருபிரசாத் திரையில் திறந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, மைக்ராஸ்கோப்பு? ஸ்கூல் புக்கா போடறோம்? அந்தக் கட்டுரையில வந்த ஆள் போட்டோவைத்தான போடச் சொன்னேன்.”

“அது வேணாம் சார்.”

“நம்பர் ஒன் கட்டுரைம்மா. அந்தப் படத்தைப் பார்த்தா மந்திரியே ஒரு நிமிஷம் நிப்பாரு. ரெண்டாவது எடத்துல வந்தவங்க யாராச்சும் உனக்குச் சொந்தமா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுது. நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் வெச்சுக்க.”

“தெரியும் சார். ஆனா இந்தப் படத்தை நான் போட மாட்டேன்.”

குருபிரசாத் தானே அதைத் திரையில் திறந்தார். கட்டிலில் கிடக்கும் மனிதர். கண்களின் மேல் கறுப்புப் பட்டை. உடம்பெல்லாம் உரிந்திருந்தது. வலது தோளில் மூட்டை சுமந்து காய்த்துப்போன இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, உரியாமல் அப்படியே இருந்தது.

“பேர் இல்ல, விலாசம் இல்ல. கண்ணையும் மறைச்சாச்சு. இது யாருன்னு எவனுக்குத் தெரியப் போவுது?”

ரூபீனா திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள்.

“கண்ணத்தான சார் மறைச்சாங்க. எங்க அத்தா தோள மறைக்கலயே.”