தொடக்க வகுப்பு

மயிலாப்பூர் வணிகப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாடியறை. மாலை வெயில் வரிசையாக நிற்கும் டைப்ரைட்டர்களின் மேல் சாய்ந்து விழுகிறது. சாந்தோமிலிருந்து வந்த லூயிசா பிரின்சிபாலின் மேஜைமுன் நிற்கிறாள். அவள் இப்போதுதான் அடித்துக் கொடுத்த தாளை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஒரு பிழையும் இல்லை. "நன்னா அடிக்கறேம்மா. ஆனா டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை சர்டிபிகேட் இல்லாம ஷார்ட்ஹாண்ட் வகுப்புல சேத்துக்க ரூல் இல்லை." அவள் குரல் தாழ்கிறது. "ரங்கூன் கலவரத்துல சர்டிபிகேட் வீட்டோட எரிஞ்சு போச்சு சார். அங்க மூணு வருஷம் ஆபீஸ்ல டைப் அடிச்சேன். ஷார்ட்ஹாண்ட் முடிச்சிருந்தா தை மாசம் வேலை தர்றேன்னு ஒரு கம்பெனில சொல்லியிருக்காங்க." பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "புரியறதும்மா. நான் என்ன பண்ணுவேன்? கீழ் வகுப்புல ஒரு வருஷம் உக்காந்து பரீட்சை எழுதிடு." பக்கத்து அறையில் ஷார்ட்ஹாண்ட் வகுப்பு தொடங்கிவிட்டது; தாள்களில் பென்சில்கள் ஓடும் சரசரப்பு கேட்கிறது. லூயிசா கீழ் வகுப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போடுகிறாள். கடைசி வரிசையில் அவளுக்கு ஒரு மெஷினைக் காட்டுகிறார்கள். எழுத்துகள் தெரியாதபடி டைப்பிங் வாத்தியார் அதன்மேல் அட்டையைக் கவிழ்க்கிறார். "இடது சுண்டுவிரலை ஓரத்துல வெச்சுக்கோம்மா. அங்கதான் 'ஏ' இருக்கு. பயப்படாம அழுத்து" என்கிறார். லூயிசா அழுத்துகிறாள்.