மூன்றாவது கியர்

ஷட்டருக்கு அடியில் நுழைந்த காலை வெயில் சிவப்புக் காரின் முன்சக்கரம் வரை வந்து நிற்கிறது. பட்டறையில் கிளட்ச் எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை. தேய்ந்து கருத்த பழைய லைனிங் பட்டை தரையில் கிடக்க, அதே கிளட்ச் பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்து மாட்டிய அண்ணி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாள். காரின் சொந்தக்காரனான கொழுந்தன் கதவருகே நின்று நகத்தைக் கடிக்கிறான். "இந்த அசுர இன்ஜினுக்கு முழுசாப் புது கிளட்ச்தான் தாங்கும்னு ஊரே சொல்லுது அண்ணி." "ஊர் சொல்லும். கழட்டிப் பாத்தது யாரு?" இன்ஜினைக் கிளப்பி, சக்கரம் உருளாதபடி கைபிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போடுகிறாள். போன வாரம் இதே சோதனையில், கிளட்ச் பிடிக்காமல் வழுக்கியதால், கார் அசையாமல் நிற்க இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. இப்போது வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறது. இடது கால் கிளட்சிலிருந்து மெல்ல எழுகிறது. உறுமல் தாழ்கிறது. கார் ஒரு குலுக்குக் குலுங்கிச் சட்டென்று அடங்குகிறது. சுவரில் தொங்கும் ஸ்பேனர்கள் மட்டும் கிணுகிணுக்கின்றன. "ஐயோ அண்ணி, இன்ஜின் நின்னுபோச்சே!" "சக்கரத்தை பிரேக் புடிச்சிருக்கையில நிக்காம ஓடியிருந்தாத்தான் ஐயோன்னு சொல்லணும். கிளட்ச் இரும்பாப் புடிக்குது." இறங்கி, சாவியை அவன் சட்டைப்பைக்குள் போடுகிறாள். "இனிமேயாவது அந்த இடது காலை கிளட்ச் மேல தூங்க வைக்காதே."