நேராகப் போகும் கார்

தவளையாரின் மனைவி கோபித்துக்கொண்டு குளத்தின் எதிர்க்கரையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பந்தயக் காரில் போய் இறங்கினால் கோபம் தணியும் என்று தவளையார் நினைத்தார். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கார் ஒன்று எடுக்க, வேலை தெரிந்த நண்டாரோடு கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று மாதிரிக் கார்களை ஓட்டிக் காட்டினார்.

"மூணுமே கோணலாப் போகுது மச்சான்," என்றார் நண்டார். "சிவப்பை எடு. குறையை நான் சரிபண்ணிடறேன்."

வீட்டுக்கு வந்து காரைப் பொருத்தும்போது, நண்டார் நான்கு சக்கரங்களையும் பக்கவாட்டில் திருப்பி மாட்டினார்.

நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டார்கள். டயருக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. கார் பக்கவாட்டில் கிளம்பிவிட்டது!

"ஐயோ, மானம் போச்சு!" என்று தவளையார் வழியெல்லாம் புலம்பினார். பானெட்டில் உட்கார்ந்திருந்த நண்டாருக்கோ ஒரே பெருமை.

மாமியார் வீட்டு வாசலை ஒட்டி, கார்க் கதவு வந்து நின்றது. மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மத்தவங்க கார்னா நாமதான் சுத்திப் போய் ஏறணும். இது கதவையே வாசலுக்குக் கொண்டுவருதே!" என்று ஏறிக்கொண்டாள்.

"நேரா வந்தா அப்படித்தான் தங்கச்சி," என்றார் நண்டார்.