கட்டையாக வெட்டிய பார்டர்

“வேணும்னே கட்டையா வெட்டி வெச்சிருக்காங்க! நீங்களே வந்து பாருங்க!”

சின்னவள் போட்ட சத்தத்தில், அவள் புருஷன் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கன்னத்து நுரையோடு ஓடி வந்தான்.

மேசைமேல் அவள் தைத்த ஒட்டுப்போர்வை விரிந்து கிடந்தது. துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து, கண் பூத்துப் போகிற அளவுக்குத் தைத்தது. சுற்றிலும் பார்டர் வைத்துவிட்டால் முடிந்தது. அதற்கென்று வாங்கி வைத்திருந்த கருநீலத் துணியை, அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் யாரோ நாலு பட்டையாக வெட்டி மடித்து வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! அந்த வீட்டில் கத்திரி பிடிக்கிற இன்னொரு கை, மூத்த மருமகளுடையதுதான்.

ஒரு பட்டையை எடுத்துப் போர்வையின் ஓரத்தோடு வைத்துக் காட்டினாள். இந்த முனை சேர்ந்தது. அந்த முனையில் ரெண்டு விரக்கடை குறைந்தது.

“கத்தாதேம்மா, நான்தான் வெட்டினேன்.” மூத்தவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். “இன்னிக்கே கடைக்குக் கொண்டு போகணுமே, உனக்கு நேரம் பத்தாதேன்னு…”

“ரொம்பத்தான் அக்கறை! அதுக்காக அளவு குறைச்சலாவா வெட்டுவாங்க?”

“குறைச்சல் இல்ல. நடுவுல அளந்துதான்…”

“பார்டர் தைக்கறது ஓரத்துல. நடுவுல எதுக்குக்கா அளக்கணும்? எனக்கே காது குத்தறீங்களா?”

மூத்தவள் வாயைத் திறந்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“பாத்தீங்களா, பதில் இல்ல!” என்றாள் சின்னவள்.

கடைத்தெருப் போர்வைக் கடையில் வருஷம் முழுக்கத் தைக்க ஒரே ஒரு ஆள் எடுக்கப் போகிறார்கள். கேள்விப்பட்ட அன்றே இரண்டு பேரும் ஆளுக்கொரு போர்வை தைக்க ஆரம்பித்தார்கள். சின்னவள் புருஷனுக்கு வேலை போனதிலிருந்து, பிள்ளைக்குச் செருப்பு வாங்கக்கூட அவன் அண்ணன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை கிடைத்தால் தலை நிமிர்ந்து நடக்கலாம். அதிலா இப்படி மண்ணைப் போடுவது?

“ரெண்டு நாளா அவங்க போர்வையையும் கண்ணுல காட்டறதில்ல. மூடி மூடி வெச்சிருக்காங்க. எல்லாம் திட்டம்தான்!”

“அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லடி…”

“நீங்க போய் மிச்சக் கன்னத்தை வழிங்க!”

தெருமுனைக்கு ஓடி அதே கருநீலத்தில் துணி வாங்கி வந்தாள். அளவாவது, டேப்பாவது! நீளப் பட்டையைப் போர்வையின் ஓரத்தோடு வைத்து மிஷினை ஓட்டினாள். மிஞ்சியதைக் கடைசியில் ‘சரக்’கென்று நறுக்கினாள். நாலு பக்கமும் முடிந்தது. மூத்தவள் வெட்டிய பட்டைகளையும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டாள். சாட்சி வேண்டாமா?

கடையில் போர்வையைப் பிரிக்கும் முன்பே மனசைப் பிரித்துக் கொட்டிவிட்டாள்.

“யாருக்கு வேணா வேலை கொடுங்கம்மா, எங்க அக்காவுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. கூட இருக்கறவளுக்கே குழி பறிக்கறவங்க. இந்தாங்க பாருங்க, எனக்கு வெட்டி வெச்ச லட்சணத்தை!”

கடைக்காரம்மா பட்டைகளை வாங்கி ஓரமாக வைத்தாள். “முதல்ல போர்வையை விரி.”

விரித்தாள். ஒட்டு வேலை கண்ணைப் பறித்தது. பார்டர்தான் படுக்க மாட்டேன் என்றது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழுந்தது. அந்தப் பக்கம் அழுத்தினால் மூலை தூக்கிக்கொண்டது. நாலு பக்கமும் ஒரே அலை.

“இஸ்திரி போட்டா சரியாயிடும்மா…” என்றாள் சின்னவள்.

“ஆகாது. உன் பார்டர் நீளம் ஜாஸ்தி.”

“ஓரத்தோட வெச்சுத்தானே தைச்சேன்?”

“அங்கதான் கோட்டை விட்டே. தைக்கத் தைக்க ஓரம் இழுபட்டு நீண்டு போயிருக்கும். அதை நம்பி பார்டர் வெச்சா இப்படித்தான் ஆடும். நடுப்பகுதிதான் இழுபடாம இருக்கும். அங்க அளந்து பட்டையை வெட்டணும். ரெண்டு முனைக்கும் நடுவுக்கும் குண்டூசி குத்திட்டு, மிச்ச ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குள்ள அடக்கித் தைக்கணும்.”

சொல்லிக்கொண்டே மூத்தவள் வெட்டிய பட்டை ஒன்றை எடுத்து, போர்வையின் நட்ட நடுவில், பார்டருக்கு உள்ளே குறுக்காக வைத்தாள்.

இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல்வரை, தையலுக்குள் பிடிக்க வேண்டிய துணியையும் சேர்த்து, நூல் பிசகாமல் இருந்தது.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் மூத்தவள் வாய் திறந்து மூடியது கண்முன்னால் வந்தது.

“அப்போ… வேலை அக்காவுக்குத்தானாம்மா?”

“உனக்குத்தான். இந்த பார்டரைப் பிரிச்சுட்டு, அந்தப் பட்டைகளை வெச்சுத் தைச்சு நாளைக்குக் கொண்டு வா.”

“எனக்கா? அவங்க போர்வையை நீங்க இன்னும் பாக்கவே இல்லையே?”

கடைக்காரம்மா பட்டைகளை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், நீ பேசின பேச்சுக்குச் சொல்றேன். அவ முந்தாநாளே வந்துட்டுப் போயிட்டா, போர்வை எதுவும் கொண்டு வரல. ‘இந்த வேலையை எங்க சின்னவளுக்குக் கொடுத்துடுங்க, இப்போ என்னைவிட அவளுக்குத்தான் அவசியம். பார்டர் மட்டும் கொஞ்சம் அலையடிக்கும், அதை நான் அளந்து வெட்டிக் கொடுத்துடறேன்’னு சொன்னா.”