முப்பது

ரஹ்மத் பீவி நாற்காலியைக் கம்பத்தோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் கம்பத்தில் சாய்த்து உட்கார்ந்தாள்.

தலைக்கு மேலே வட்டப் பலகை. சிவப்பு வளையத்துக்குள் முப்பது.

எதிரே நின்ற லாரியில் புதுப் பலகை ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. அதில் ஐம்பது.

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெரு முடிந்து, பெண்கள் பள்ளி வாசலை உரசியபடி சாலை திரும்புகிற வளைவு அது. போன கோடையில்தான் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று பலகை நட்டார்கள்.

நட்ட நாளிலிருந்தே ஊருக்கு அதைக் கண்டால் ஆகவில்லை.

மாட்டுவண்டி போர்டு என்று இளவட்டங்கள் பெயர் வைத்தார்கள். பஸ்காரர்கள் டைமுக்குப் போய்ச் சேர முடியவில்லை என்றார்கள். வண்டியெல்லாம் சுற்றுச்சாலையிலேயே போய்விடுகிறது, கடைப்பக்கம் ஆளே வருவதில்லை என்று வியாபாரிகள் மனுக் கொடுத்தார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் கேமராவுக்குப் பயந்து அடக்க ஒடுக்கமாக ஓட்டிவிட்டு லீவில் வருகிறவர்கள்கூட, இந்த வளைவுக்கு வந்ததும் பைக்கை முறுக்கினார்கள்.

யாரோ அவ்வப்போது பலகையில் தார் பூசினார்கள்.

பூசிய மறுநாளே ரஹ்மத் பீவி மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துவிட்டுப் போனாள்.

இன்று துடைத்துத் தீராது என்று தெரிந்துதான் நாற்காலியோடு வந்திருந்தாள்.

கடப்பாரையும் கையுமாக வந்த ஆட்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். கம்பத்தின் அடிக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். அதன்மேல் அவளுடைய கால்கள் இருந்தன.

வியாபாரிகள் சங்கத் தலைவர் குஞ்சிதபாதம் கடையை விட்டுவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"அம்பதும் ஒண்ணும் பெரிய வேகமில்ல பீவிம்மா. ஊரே கேட்டு வாங்கியிருக்கு. வெயில் ஏறுது, எந்திரிங்க."

"என்னையும் சேத்துப் பேத்து எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிறகு அவிழ்த்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வளைவில் பஸ் தேங்கியது. பின்னால் வேன்கள், பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர். ஹாரன் காதைப் பிளந்தது. அந்த அம்மாவைத் தூக்கி ஓரமா வைங்கப்பா என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

ரஹ்மத் பீவி வெள்ளைத் துப்பட்டியை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. அதை நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தித் துடைத்தாள்.

லாரியோடு வந்த மேற்பார்வையாளன் வெளியூர்க்காரன். போலீசுக்குப் போன் போடலாமா என்று யோசித்தவன், எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று அவள் முன்னால் குந்தினான்.

"இந்த வளைவுல நடந்ததாமே ஒரு விபத்து... உங்க புள்ளையாம்மா?"

"எம் புள்ளதான்."

அவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். ஆட்களைப் பார்த்துக் கடப்பாரையைக் கீழே போடச் சொன்னான்.

குஞ்சிதபாதம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் பள்ளியின் இரும்புக் கதவு திறந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற செவ்வந்தி வெளியே வந்தாள். அடுப்பில் உலை கொதிக்கிற நேரம். விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடியே நேராகக் கம்பத்தை நோக்கி நடந்தாள்.

அவளைக் கண்டதும் கூட்டம் தானாக விலகியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதுவரை யார் சொல்லியும் அசையாத ரஹ்மத் பீவி எழுந்துவிட்டாள்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று லாரி டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

செவ்வந்தி காலியான நாற்காலியைப் பார்த்தாள். ரஹ்மத் பீவியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கால்களைக் கான்கிரீட்டின் மேல் ஊன்றிக்கொண்டாள்.

ரஹ்மத் பீவி பக்கத்தில் தரையிலேயே அமர்ந்தாள்.

மேற்பார்வையாளன் ஒன்றும் புரியாமல் குஞ்சிதபாதத்தைப் பார்த்தான். அவர் லாரியைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஐம்பது வந்த வழியே திரும்பியது. பஸ் மெல்ல ஊர்ந்து வளைவைக் கடந்தது, பின்னால் மற்ற வண்டிகளும்.

தெரு காலியான பிறகும் இரண்டு பெண்களும் எழவில்லை.

வழக்கு நடந்த காலமெல்லாம் கோர்ட்டு வராந்தாவின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி என்று நின்றவர்கள். ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

செவ்வந்தி சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒங்க மகன் துபாய்ல வண்டிதான் ஓட்டுறாராமே?"

"ஆமாம்மா."

"எம் பொண்ண அடிச்சாரே, அந்த வேகத்துலயா?"



"இல்லம்மா. அங்க மெதுவாத்தான் ஓட்டுறான்."