சங்கு வீட்டை விற்ற நண்டு

கடலோரத்தில் ஒரு நண்டு பெரிய வெள்ளைச் சங்குக்குள் குடியிருந்தது. மழைக்காலத்தில் இரை கிடைக்காமல் பாறை நண்டிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டிருந்தது. பாறை நண்டு கேட்டு வரும்போதெல்லாம் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடக்கும். பக்கத்து வீட்டு நத்தைதான், "வீட்ல யாரும் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பும்.

ஒரு நாள் நண்டு நத்தையிடம் சொன்னது: "அண்ணே, சங்கைக் குடுத்துக் கடனை அடைச்சிடலாம்னு இருக்கேன்."

"பைத்தியமாடா உனக்கு? நாலு பேரு என்ன பேசுவாங்க? வேற யார்கிட்டயாவது வாங்கிச் சமாளி."

"அப்புறம் அவங்களுக்குப் பயந்து ஒளியணுமே."

நண்டு வெளியே வந்தது. ஓடில்லாத மெல்லிய உடம்பு வெயிலில் காந்தியது. மேலே பருந்து. ஆனாலும் அது சங்கைத் தண்ணீரில் கவிழ்த்து, உள்ளே படிந்திருந்த மணலைக் கழுவத் தொடங்கியது.

"பருந்துடா! போட்டுட்டு ஓடு!" என்று நத்தை தன் ஓட்டுக்குள்ளிருந்தே கத்தியது.

"குடியிருந்த வீட்டைக் குப்பையோடவா குடுக்கிறது?"

கழுவிய வீட்டுக்குள் மறுபடி கால் வைக்காமல், அதை இழுத்துக்கொண்டே போய்ப் பாறை நண்டின் வாசலில் வைத்துக் கடனைத் தீர்த்தது. நல்லவேளை, பருந்து வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாள் நத்தை வந்து பார்த்தபோது, நண்டு மூளியான ஒரு சின்னச் சங்குக்குள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"டேய், இடம் பத்தலையா? காலெல்லாம் வெளியே கிடக்கே!"

நண்டு கண்ணைத் திறக்கவில்லை. "கிடக்கட்டும்ண்ணே. இனிமே யாரைப் பாத்து உள்ளே இழுத்துக்கணும்?"