நூறு ரவுண்டு

"பிளான்ல பத்து ரவுண்டுதானே இருக்கு? நீங்க ஏன் நூறு போட்டு வெச்சிருக்கீங்க?"

சென்னையிலிருந்து டீம் லீடர் ராஜ்மோகன் போனில் கேட்டபோது, ஒதியம்பட்டு வீட்டின் முன்னறையில் லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஜெயசித்ரா அசரவில்லை. ஒரே ஆளின் பாலிசியைத் திரும்பத் திரும்பத் திருத்தினால் மெயின்பிரேம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய பெரிய கம்ப்யூட்டர் அது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பாலிசிதாரர் இறந்துவிட்டார் என்று பதிந்தால் அடுத்தடுத்த திரைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பதுதான் இவள் வேலை. தட்டுவதை ஒரு புரோகிராமே பார்த்துக்கொள்ளும். சோதனைக்கான பாலிசிதாரருக்கு என்ன பெயர், எத்தனை ரவுண்டு, திரைக்குத் திரை எத்தனை நொடி காத்திருப்பது, தப்பு வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

ஒருவர் ஒரு தடவைதானே இறக்க முடியும்? அதனால் ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் ரீசெட் என்று ஒன்று ஓடி, இறந்தவரைப் பிழைக்க வைக்கும். அடுத்த ரவுண்டில் மறுபடி சாகடிக்கலாம். எமனுக்கே இல்லாத வசதி.

ரவுண்டுக்கு இரண்டு நிமிடம் ஆகிறதே, கடைசி ரவுண்டுக்காவது ரீசெட்டை எடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் ராஜ்மோகன்.

"இல்ல சார். கடைசி ரவுண்டுக்கும் ரீசெட் வேணும். அது இல்லாம நான் ஓட்ட மாட்டேன்."

சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பெண்ணுக்கு இன்று என்ன வந்தது என்று புரியாமலே அவர் போனை வைத்தார்.

மணி ஒன்பது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவள் மாமனார் கண்ணையனை இருதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிற நேரம். கணவன் கலைச்செல்வன் அங்கே இருந்தான். இன்றைக்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாரியம்மன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றக் கிளம்பிய மாமியார் அமுதம், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அங்க உன் மாமனாரு நெஞ்ச கீறப் போறாங்க. நீ பொட்டியத் தட்டிக்கினு குந்திக்கினு கீற. இன்னா பொண்ணும்மா நீ?"

ஜெயசித்ரா திரும்பி முதல் ரவுண்டை ஓட்டிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இவள் மீட்டிங்கில் இருக்கும்போது சத்தமில்லாமல் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற மனிதர் கண்ணையன்.

போன மாதம் வில்லியனூர் சந்தையில் அவர் மயங்கி விழுந்தார். அந்தச் சேதி ஒதியம்பட்டு வந்து சேர்வதற்குள் ஆளே போய்விட்டார் என்று ஆகிவிட்டது. மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக் காசம்மாள், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து அசடு வழிந்து, "செத்துட்டாருன்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டிண்ணா" என்று சமாளித்தாள். "அப்பிடின்னா டெய்லி ஒருத்தரு வந்து அழுங்கம்மா" என்று அவரும் சிரித்தார்.

அறுபத்து மூன்றாவது ரவுண்டில் திரை நின்றுவிட்டது. பாலிசிதாரர் இறந்தபடி இருக்க, கீபோர்டு பூட்டிக்கொண்டது. தப்பு வந்தால் நிறுத்து என்று காலையில் இவள்தான் கொடுத்திருந்தாள். இப்போது அதை அவசரமாக அழித்தாள். பூட்டு விலகும்வரை காத்திரு, தப்பு வந்தால் முதலில் ரீசெட், பிறகு அடுத்த ரவுண்டு என்று மாற்றி ஓட்டினாள். நகரவில்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். அதற்கும் அசையவில்லை. இன்னும் கூட்டினாள். "உயிருடன்" என்று திரை காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அறுபத்திரண்டே தாராளம், நிறுத்திக்கொள்ளலாமே என்று ராஜ்மோகன் மெசேஜ் அனுப்பினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

நூறாவது ரவுண்டு முடிந்து ரிப்போர்ட் வந்தபோது மணி ஒன்று. வெயிலில் கால் வெந்துபோய் அமுதம் உள்ளே வரவும், கலைச்செல்வனின் போன் வரவும் சரியாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"ஆத்தா காப்பாத்திட்டா" என்று மருமகள் நெற்றியில் திருநீறு பூசியவளுக்கு, அழுகை அடங்கியதும் காலையில் விட்ட கோபம் திரும்பி வந்தது. "அந்த மனுசனுக்கோசரம் ஒரு சுத்து வந்து இருப்பியா நீ? அப்பிடி இன்னாதான் கீது இந்தப் பொட்டிக்குள்ள?"

ஜெயசித்ரா மூடுவதற்குள் அமுதம் குனிந்துவிட்டாள். பால்வாடியில் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுத்தவள். திரையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். பாலிசிதாரர் பெயர்: கண்ணையன். இறந்தது: நூறு முறை. இப்போது: உயிருடன்.

அமுதம், மிச்சமிருந்த திருநீற்றை லேப்டாப்பின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னாள்: "அதான் வெச்சியே, நூத்தியெட்டா வெக்கக் கூடாது?"